பெட்டி போச்சு... குச்சி வந்தாச்சு!

உங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தடவை குனிந்து பாருங்கள். 2005-க்கும் 2012-க்கும் நடுவில் முதல் சம்பளம் வாங்கிய பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால், அங்கே ஒரு கறுப்புப் பெட்டி குத்த வைத்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. தலை மேல் ஒரு பூப்போட்ட துணி. துணி மேல் நாலு கல்யாணப் பத்திரிகை, ஒரு கேஸ் பில். பின்பக்கம் அனுமார் வால் மாதிரி ஒயர்கள். ஸ்விட்சைப் போட்டால் செங்கல்பட்டு ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்புகிற சத்தத்தோடு எழுந்திருக்கும்.

அதுதான் 'ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்'. ஒரு காலத்தில் அது இருந்த வீட்டுக்காரருக்குத் தெருவில் தனி மரியாதை. இப்போது? கட்டை விரல் அளவு குச்சி ஒன்று டி.வி.யின் முதுகில் சொருகிக்கொண்டு, பெட்டி செய்த வேலை அத்தனையும் செய்கிறது.

எங்கள் வீட்டிலும் போன மாதம் பெட்டிக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. ஆனால் சாதாரணமாக அனுப்பி விட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பெட்டியின் ஜாதகத்தைப் பார்த்து விடுவோம்.

பெயர்தான் 'கோடி'... விலை சைபர்!

2002-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி 'விண்டோஸ் எக்ஸ்.பி. மீடியா சென்டர் எடிஷன்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. கம்ப்யூட்டரை மேஜையிலிருந்து இறக்கி ஹாலில் உட்கார வைத்து, ரிமோட்டில் ஓட்டலாம் என்கிற ஐடியா. அதே சமயத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் சிலர், எக்ஸ்பாக்ஸ் என்கிற வீடியோ கேம் பெட்டியில் சினிமா ஓட்டுவதற்காக ஒரு இலவச ஸாஃப்ட்வேர் எழுதினார்கள். எக்ஸ்.பி.எம்.ஸி. என்று பெயர். 2014-ல் அதற்கே 'கோடி' என்று பெயர் மாற்றினார்கள். இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கும் இலவசம்.

பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்த நான், 2010-ல் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து என் பெட்டியை ஒவ்வொரு உறுப்பாக வாங்கிச் சேர்த்தேன். 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க், 2 ஜி.பி. மெமரி, ஒரு டி.வி. டியூனர் கார்டு. விண்டோஸ் 7-லேயே மீடியா சென்டர் கூட வந்தது. மொத்தம் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

டியூனர் கார்டுதான் ஹீரோ. கேபிள் ஒயரை நேராகப் பெட்டியில் சொருகி விட்டால், ஆபீஸிலிருந்து வருவதற்குள் மேட்சை ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கும். விளம்பரம் வந்தால் தாண்டி ஓடலாம். இது போதாதென்று மோஸர் பேர் புண்ணியம் வேறு! 2007-ல் அந்தக் கம்பெனி வி.ஸி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று தமிழ்ப் படங்களைக் கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல்! வாங்கி வாங்கி அடுக்கினோம்.

ஒவ்வொன்றாக விழுந்த அடி

பெட்டி ஒரே நாளில் கிழவனாகவில்லை. முதல் அடி கேபிளில் விழுந்தது. டிஜிட்டல் வந்தது. 2017-ல் அரசு கேபிளும் டிஜிட்டலுக்கு மாறி செட்-டாப் பாக்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. சிக்னலைப் பூட்டுப் போட்டு அனுப்பினால், சாவி செட்-டாப் பாக்ஸிடம்தானே இருக்கும்? டியூனர் கார்டுக்குக் கண் அவிந்து போயிற்று.

அடுத்தது, வீடியோவைச் சுருக்கும் முறை. 2013-ல் ஹெச்.265 என்று ஒரு புது முறை வந்தது. அதே தரம், ஏறக்குறையப் பாதி சைஸ். நல்லதுதானே? ஆனால் சுருக்கியதை விரிக்கத் தெரிந்த தனி சர்க்யூட் என் 2010 ப்ராஸஸரில் கிடையாது. ஒவ்வொரு பிரேமையும் அது மூளையைக் கசக்கித்தான் விரிக்க வேண்டும். கிரைண்டரில் ஆட்ட வேண்டிய மாவை அம்மியில் அரைக்கிற மாதிரி. ஹீரோ வாயைத் திறந்து மூடின பிறகு வசனம் வரும்!

மூன்றாவது, காவல். படக் கம்பெனிகள் தங்கள் சரக்கை 'வைட்வைன்' மாதிரி பூட்டுகளைப் போட்டுத்தான் அனுப்புகின்றன. சர்டிபிகேட் வாங்கின கருவியில் சாவி சிப்புக்குள்ளேயே இருக்கும். அதற்கு முதல் தர அனுமதி. பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஆசாமிகளுக்கு மூன்றாந்தரம். அதாவது, சந்தா ஒன்றுதான். ஆனால் குச்சிக்குத் தலைவாழை இலை, பெட்டிக்குத் தையல் இலை. படம் மங்கலாகத்தான் வரும்.

கடைசியாக, 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரையே மைக்ரோஸாஃப்ட் கைகழுவியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் பாதுகாப்பு அப்டேட்டும் நின்று போனது. அதன் பிறகு அந்தப் பெட்டியில் பாஸ்வேர்டு அடிப்பது, வாசல் கதவைத் திறந்து போட்டு விட்டு வேதகிரீஸ்வரர் மலையேறப் போவது மாதிரி.

உப்பு தின்றால்...

இங்கே ஒரு கிளைக் கதை. நான் பெட்டி வாங்கின அதே மாதம், அதே கடையில், அதே உறுப்புகளைச் சேர்த்து என் அக்கா வீட்டுக்கும் ஒன்று வாங்கினோம். அக்கா வீடு மாமல்லபுரத்தில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் முப்பது கிலோமீட்டர். மாடியில் நின்றால் கடல் சத்தம் கேட்கும்.

மூன்றே வருஷம். "மச்சான், பெட்டி மூச்சு விட மாட்டேங்குது" என்று மாமா போன் பண்ணினார். போய்த் திறந்து பார்த்தேன். திருகாணி எல்லாம் துரு. மதர்போர்டில் காப்பர் கோடுகள் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. வீட்டில் கவனிக்காமல் விட்ட பித்தளைச் சொம்பில் களிம்பு பிடிக்குமே, அந்தப் பச்சை. செங்கல்பட்டுப் பெட்டியோ அப்போது கல்லுக்குண்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் சிம்பிள். கடல் காற்றில் உப்புத் துகள் இருக்கும். பெட்டிக்குள் சூட்டைத் தணிக்க விசிறி இருக்கிறது. விசிறி காற்றை இழுக்கும்போது உப்பையும் சேர்த்து இழுக்கிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் என்ன பாடு படும் என்று கடலோரத்தில் பைக் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கம்ப்யூட்டரை விடுங்கள். கடற்கரைக் கோயிலையே உப்பு விட்டு வைக்கவில்லை. கல்லில் காகிதக் கூழை அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சி எடுக்கிற வைத்தியத்தைத் தொல்லியல் துறை அங்கே செய்து வருகிறது. ஆயிரத்து முந்நூறு வருஷக் கருங்கல்லுக்கே அந்த கதி என்றால், ரிச்சி தெரு மதர்போர்டு எம்மாத்திரம்!

குச்சிக்கு இந்த விஷயத்தில் லாபம் உண்டு. விசிறி கிடையாது, காற்று உள்ளே போகப் பெரிய வழியும் கிடையாது. ஆனால் அதன் ஹெச்.டி.எம்.ஐ. முனையும், கரண்ட் சொருகும் துளையும் உலோகம்தான். அக்கா வீட்டில் இப்போது இருப்பது குச்சிதான். மாதம் ஒரு தடவை கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துச் சொருகுகிறார் மாமா.

பற்று... வரவு...

காமர்ஸ் படித்தவனிடம் வந்து 'குச்சி நல்லதா, பெட்டி நல்லதா?' என்று கேட்டால் அவன் பென்சிலைத்தான் தேடுவான்.

ப்ளக்கில் சொருகும் வாட் மீட்டர் வைத்து அளந்தேன். பெட்டி ஓடும்போது 85 வாட். மாலையில் நாலு மணி நேரம் படம்; ராத்திரி டவுன்லோடு என்று ஆறு மணி நேரம். ஆகப் பத்து மணி நேரம். ஒரு நாளைக்கு 0.85 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 51 யூனிட்.

குச்சி? 4 வாட். நாலு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு யூனிட்! தூங்கும்போது குடிப்பதைச் சேர்த்தாலும் இரண்டோ, மூன்றோதான்.

'ஐம்பது யூனிட்தானே?' என்று அலட்சியமாகச் சொல்லாதீர்கள். நம் மாநிலத்து வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் என்பது லட்சுமணன் கோடு. அதைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் ரேட் மாறி விடும். கோடைக்காலத்தில் ஏ.ஸி. வைத்திருக்கிற வீட்டில் 480-ல் நிற்க வேண்டிய மீட்டரை 530-க்குத் தள்ளி விட இந்த ஐம்பது போதும்.

இது வரவுப் பக்கம். இனி பற்று.

பெட்டி என்பது 'கேபிட்டல் எக்ஸ்பென்டிச்சர்'. ஒரு தடவை முதல் போட்டாச்சு, அப்புறம் அது நம் சொத்து. குச்சி விலை குறைவுதான். ஆனால் அதன் பின்னாலேயே மாதா மாதம் சந்தா என்று ஒரு 'ரெவின்யூ எக்ஸ்பென்டிச்சர்' ஊர்வலம் வருகிறது. இன்டர்நெட்டும் வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிற கணக்குப்படி, முழு ஹெச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும். 4-கே என்றால் 15. ஹெச்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜி.பி. வரை, 4-கே என்றால் 7 ஜி.பி. வரை தீரும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பிக் குச்சி வாங்கினால், இடைவேளைக்கு முன்பே டேட்டா 'சுபம்' போட்டு விடும்.

அதை விட முக்கியமானது, சொத்து யாருடையது என்கிற கேள்வி. 34 ரூபாய் டிஸ்க் என் அலமாரியில் இருக்கிறது. மோஸர் பேர் கம்பெனி 2018-ல் திவால் நடவடிக்கையில் கலைக்கப்பட்டது. டிஸ்க் இன்னும் சுற்றுகிறது. ஆனால் ஸ்ட்ரீமிங்கில் காசு கொடுத்து வாங்கினதாக நாம் நினைப்பதெல்லாம் பல சமயம் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. 2023 டிசம்பரில் ப்ளேஸ்டேஷன்காரர்கள், வாடிக்கையாளர்கள் 'விலைக்கு வாங்கியிருந்த' டிஸ்கவரி நிகழ்ச்சிகளை எடுத்து விடப் போவதாக அறிவித்தார்கள். கூச்சல் கிளம்பியதும் அந்த முடிவை நிறுத்தி வைத்தார்கள். கூச்சல் கிளம்பாமல் இருந்திருந்தால்?

குச்சிக்கும் ஆயுசு கெட்டி என்று சொல்ல முடியாது. 2013-ல் 35 டாலருக்கு வந்து உலகத்தையே கலக்கிய குரோம்காஸ்ட்டை 2024-ல் கூகுள் நிறுத்தி விட்டது. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, பல நாட்டு வீடுகளில் அவை திடீரென்று படுத்து விட்டன. சில நாள் கழித்து கூகுள் அப்டேட் அனுப்பி எழுப்பியது. நல்ல கண்டிஷனில் இருக்கிற கருவி, தேதி முடிந்ததால் நின்றது! மருந்துக் கடையில் மாத்திரைக்குத்தான் எக்ஸ்பயரி பார்ப்போம்; இனி டி.வி. குச்சிக்கும் பார்க்க வேண்டும் போல.

அப்பா கேட்ட ஒரு கேள்வி

இத்தனை கணக்குக்குப் பிறகும் தராசு குச்சிப் பக்கம்தான் சாய்ந்தது. கரண்ட், சத்தம், தெளிவு, ஒரே ரிமோட். வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினேன். தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவர். குச்சியைக் கண்ணாடியைத் தூக்கி விட்டு, மனுவைப் பரிசீலிக்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரிமோட்டில் மைக் இருக்கிறது, தமிழில் பேசினாலே படம் வரும் என்றேன். "பழைய சிவாஜி படம் போடு" என்றார் அப்பா. குச்சி 2007-ல் ரஜினி நடித்த 'சிவாஜி'யைக் காட்டியது. "பழையதுன்னு சொன்னேனே... சரி, இதுவும் பழசுதான்" என்று சமாதானமாகி விட்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏம்பா, அந்தக் குச்சியில உங்கம்மா வருவாளா?"

பெட்டிக்குள் ஒரு ஃபைல் இருக்கிறது. 2007 காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில், சித்தப்பாவின் ஹேண்டிகேமில் எடுத்தது. பதினோரு நிமிஷம். ஐந்து ரதம் பக்கத்தில் ஒரு கடையில் அம்மா சங்கு மாலைக்கு பேரம் பேசிக்கொண்டிருப்பாள். "கேமராவ அந்தப் பக்கம் திருப்புடா, மூஞ்சி எல்லாம் வேர்வை" என்பாள். திரைக்கு வெளியே அப்பா சிரிக்கிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான் படம். அம்மா 2014-ல் போய் விட்டாள். அவள் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை.

உலகத்தில் எத்தனை ஸ்ட்ரீமிங் கம்பெனி இருந்தாலும், எந்த சந்தா கட்டினாலும், அந்தப் பதினோரு நிமிஷம் அதில் வராது.

அப்பாவின் கேள்விக்குப் பின்னால் இன்னொரு அனுபவமும் இருந்தது. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து விட்டது. ஃபைபர் ஒயர் மட்டும் அறுந்தது அறுந்ததுதான். மூன்று நாள் இன்டர்நெட் இல்லை. பக்கத்து வீடுகளில் பெரிய டி.வி. எல்லாம் 'இணைப்பு இல்லை' என்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் பெட்டி மட்டும் யாரையும் கேட்காமல் ஓடியது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் வந்து தரையில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள்.

ஆகவே பெட்டி போகலாம்; அதன் வயிற்றில் இருப்பது போகக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

வயிற்றிலிருந்து எடுத்தது எப்படி?

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருந்தால் போதும்.

* கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்று விற்கும் யு.எஸ்.பி. உறைக்குள் போடலாம். மேஜைக் கம்ப்யூட்டர் டிஸ்க் 3.5 இன்ச். அதற்குத் தனி கரண்ட் அடாப்டர் உள்ள உறையாகக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு அடாப்டர் வேண்டாம்.

* பழைய டிஸ்க்கையே நம்பாதீர்கள். பதினைந்து வருஷம் சுற்றிய டிஸ்க், ஓய்வு கொடுத்தால் மறுபடி எழுந்திருக்காமலும் போகலாம். முதல் வேலை, புது டிஸ்க்குக்குக் காப்பி.

* ஹேண்டிகேம் டேப்பிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. பிடிக்கும். குச்சிகள் பல சமயம் அதைப் படிக்காது. 'ஹேண்ட்பிரேக்' என்கிற இலவச ஸாஃப்ட்வேரில் எம்.பி.4 ஆக ஒரு காப்பி எடுங்கள். ஒரிஜினலை அழிக்காதீர்கள்.

* டிஸ்க்கை 'ஃபேட்-32' முறையில் ஃபார்மேட் செய்தால் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எந்த முறையை உங்கள் டி.வி. படிக்கும் என்று பார்த்து விட்டுச் செய்யுங்கள்.

* பெரும்பாலான குச்சியில் யு.எஸ்.பி. டிஸ்க் சொருக இடம் கிடையாது. டி.வி.யின் பின்னால் இருக்கும். அல்லது யு.எஸ்.பி. துளை உள்ள ரவுட்டரில் டிஸ்க்கைச் சொருகி, குச்சியில் வி.எல்.ஸி.யோ கோடியோ போட்டால், இன்டர்நெட் இல்லாத நாளிலும் வீட்டு வை-ஃபையிலேயே படம் ஓடும்.

* முக்கியமானதற்கு மூன்று காப்பி. அதில் ஒன்று வேறு ஊரில்.

* பழைய பெட்டியைப் பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். மின்னணுக் கழிவுக்கு 2022-ல் தனி விதிகள் போட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் கொடுங்கள். டிஸ்க்கைக் கொடுப்பதானால், உள்ளே இருக்கும் வங்கிக் கணக்கு, பான் கார்டு காப்பி எல்லாவற்றையும் முழுசாக அழித்த பிறகு.

மூன்று காப்பியில் ஒன்று ரவுட்டரில். இன்னொன்று பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம். மூன்றாவது செங்கல்பட்டு வீட்டு பீரோவில் என்று திட்டம். மாமல்லபுரத்துக்குக் காப்பி தரவில்லை. உப்புக் காற்று ஆகாது என்று விளக்கினேன். அக்கா விடவில்லை. "ஏண்டா, உனக்கு மட்டும்தான் அம்மாவா?"

நாலாவது டிஸ்க் வாங்கினேன். வடகம் போட்டு வைக்கும் காற்றுப் புகாத டப்பாவைக் கழுவிக் காய வைத்து, செருப்புப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஏழெட்டைச் சேர்த்து, அதற்குள் வைத்திருக்கிறாள்.

பீரோவுக்குப் போகிற டிஸ்க்கை அப்பா வாங்கி, வெள்ளைக் காகிதம் ஒட்டி, பேனாவால் ஏதோ எழுதினார். ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும்... தாலுகா ஆபீஸில் ஒரு ஃபைலை முடித்தால், அதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதித்தான் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவார்கள். ஓ.மு. என்றால் ஒரு வருஷம். மூ.மு. என்றால் மூன்று. ப.மு. என்றால் பத்து.

அப்பா எழுதியிருந்தது: 'நி.மு.'

நிரந்தரம். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.